இரவுப் பூட்டின் சாவி யாரிடம்?

லாட்ஜ், மேன்ஷன், காட்டேஜ், ஹோம்ஸ்டே, மகளிர் விடுதி என்று எந்தப் பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும், வாடகை வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களை இரவு தங்க வைக்கும் உரிமையாளர்களுக்கு,



நான் உங்கள் கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய் உங்கள் அறைகளில் தங்குபவன். உங்கள் தொழிலின் கஷ்டம் ஓரளவு தெரியும். மின்கட்டணம், வரி, ஆன்லைன் பதிவு நிறுவனங்களுக்கு அழும் கமிஷன், சீசன் தவறினால் காலியாகக் கிடக்கும் அறைகள், வேலைக்கு ஆள் கிடைக்காத பாடு. ஆகவே கோடி ரூபாய்ச் செலவுக்கு இங்கே யோசனை சொல்லப்போவதில்லை. ஒரு பூட்டைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவை அதைத் தொட்டு வரும்.

இரவு பதினொரு மணிக்கு நம் ஊர் லாட்ஜ்களில் நடப்பது இது. கீழே ஷட்டரை இறக்குவார்கள், அல்லது மடக்குக் கேட்டை இழுத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். சாவி வாட்ச்மேனின் சட்டைப்பையில். அவர் ரிசப்ஷன் சோபாவில் படுத்திருப்பார், அல்லது பின்பக்கம் எங்கோ ஓர் அறையில். மொட்டைமாடிக் கதவுக்கு நிரந்தரப் பூட்டு. அதன் சாவி எங்கே என்பது மேனேஜருக்கே யோசித்தால்தான் நினைவுக்கு வரும். அறை ஜன்னல்களில் இரும்புக் கம்பி.

ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. கேட், திருடனுக்காக. மாடிப் பூட்டு, குடித்துவிட்டு மேலே ஏறுகிறவர்களுக்காகவும், யாராவது குதித்துவிடுவார்களோ என்ற பயத்துக்காகவும். ஜன்னல் கம்பி நம் வீடுகளிலேயே இருக்கிறது. வாசலில் நிறுத்திய பைக் காணாமல் போனால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை ஏற்பாடும் வெளியிலிருந்து உள்ளே வரக்கூடியவனை நினைத்துச் செய்தவை. உள்ளேயிருந்து அவசரமாக வெளியே போக வேண்டியவரை நினைத்து எதுவும் செய்யப்படவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று இரவு, கொல்கத்தாவின் புர்ராபஜார் பகுதியில் ரிதுராஜ் என்ற ஹோட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள். புகை வெளியேறவும் ஆள் வெளியேறவும் இருக்க வேண்டிய வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. உயிருக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்த ஒருவர் அதனாலேயே இறந்தார். இறந்தவர்களில் மூன்று பேர் நம் கரூரிலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு தாத்தா, பேரக்குழந்தைகள் இருவர். ஹோட்டலின் உரிமையாளரும் மேலாளரும் கைது செய்யப்பட்டார்கள்.

கொல்கத்தா தூரம் என்றால் மதுரைக்கு வருவோம். 2024 செப்டம்பர் 12 விடியற்காலையில் கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பரவிய தீயில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டலில் 8 பேர் இறந்தார்கள். அங்கே தீ தொடங்கியது அறைகளில் அல்ல, கட்டடத்தின் அடியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில். புகை படிக்கட்டு வழியாக ஏறி மேலே இருந்தவர்களைக் கொன்றது. 2019 பிப்ரவரி 12, டெல்லி கரோல் பாகில் அர்பித் பேலஸ் ஹோட்டல், பொழுது விடியும் முன்பு, 17 பேர். தேதிகளின் ஒற்றுமை தற்செயல். மற்ற ஒற்றுமைகள் அப்படியல்ல.

தீ என்றதும் நாம் ஜுவாலையை நினைக்கிறோம். தூங்குகிறவரிடம் முதலில் வந்து சேர்வது புகை. ஒரு மெத்தையின் ஃபோம் எரிந்தாலே சில நிமிடங்களில் நடைபாதை முழுக்கக் கரும்புகை நிரம்பி, நீட்டிய கை தெரியாமல் போய்விடும். சூடான புகை மேலே போகும். மேலே போக அதற்குக் கிடைக்கும் அகலமான வழி உங்கள் படிக்கட்டு. எந்தத் தளத்திலும் கதவில்லாமல் திறந்து கிடக்கும் ஒற்றைப் படிக்கட்டு, தீப்பிடித்த நிமிடத்திலிருந்து அந்தக் கட்டடத்தின் புகைபோக்கியாகிவிடுகிறது. தரைத்தளத்தில் தீ, மூன்றாவது மாடியில் சாவு என்பது இப்படித்தான் நடக்கிறது.

புகை வந்தால் இருமல் வந்து எழுந்துவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. தூக்கத்தில் வாசனை நம்மை எழுப்பிவிடும் என்று நம்புவதற்கில்லை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது, கதவுவரை போக வேண்டும் என்று தெரிந்தாலும் போக முடியாது. அந்த நிலையில் ஒருவர் மூன்று மாடி இறங்கி வந்து, பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு, பெயர் தெரியாத வாட்ச்மேனை 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள்.

'நம்ம பில்டிங் முழுக்க கான்கிரீட் சார், எரியாது.' உங்களில் பலர் என்னிடம் சொன்னது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வைன்காஃப் என்ற 15 மாடி ஹோட்டல் இருந்தது. முற்றிலும் தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரமே செய்தார்கள். அது ஒரு வகையில் உண்மைதான். 1946 டிசம்பர் 7 அதிகாலையில் தீப்பிடித்து 119 பேர் இறந்தபோது கட்டடம் விழவில்லை. அதே கட்டடத்தில் இன்று வேறு பெயரில் ஹோட்டல் நடக்கிறது. எரிந்தவை உள்ளே இருந்த விரிப்பும் சுவர்த்துணியும் மரச்சாமான்களும். அத்தனை மாடிக்கும் ஒரே படிக்கட்டு, வெளிப்புற அவசரப் படி கிடையாது. அந்த ஹோட்டலைக் கட்டியவர் வயதான காலத்தில் அங்கேயே குடியிருந்தார். அன்று இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடம் உங்கள் கண்ணுக்கு வீணாகக் கிடப்பதாகத் தெரிகிறது. எக்ஸ்ட்ரா பெட்டுக்கான மெத்தைகள், கிழிந்த தலையணைகள், பெயின்ட் டப்பா, ஜெனரேட்டருக்கு டீசல் கேன் எல்லாம் அங்கே போய்விடுகின்றன. அதே சுவரில்தான் பெரும்பாலும் மீட்டர் போர்டும் மெயின் ஸ்விட்சும். பொறி பறக்கக்கூடிய இடத்தையும் பற்றிக்கொள்ளக்கூடிய பொருளையும் சேர்த்து வைத்து, அதற்கு நேர் மேலே தப்பிக்க இருக்கும் ஒரே வழியையும் வைத்திருக்கிறோம். இதைவிட மோசமாகச் செய் என்று யாராவது சொன்னாலும் செய்ய முடியாது. சமீபமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஊழியரின் மின்சார ஸ்கூட்டர் இரவு முழுக்க அங்கேயே சார்ஜ் ஏறுகிறது. செகந்திராபாத்தை ஒரு முறை நினைத்துக்கொண்டு அதை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். படிக்கட்டின் அடி காலியாக இருக்கட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இனி பூட்டு. கேட்டைப் பூட்டாதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, சொல்வதும் நியாயமில்லை. வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாகவும் ஒரு வாசலை எந்த வெல்டிங் பட்டறைக்காரரும் செய்து கொடுப்பார். அழுத்தினால் திறந்துகொள்ளும் கம்பி வைத்த கதவுகள் கடைகளிலும் கிடைக்கின்றன. யாரோ சொல்லாமல் போய்விடுவார்கள் என்று பயமா? திறந்தால் மணி அடிக்கும்படி வையுங்கள். மொட்டைமாடிக் கதவுக்கும் இதே ஏற்பாடு போதும். நடைபாதையின் கடைசி ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கீல் வைத்த கிரில் இருக்கட்டும், தீயணைப்பு வீரர்கள் ஏணி சாத்த ஓர் இடம் கிடைக்கும். நம் மாநிலத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் என்ன நடந்தது என்று தெரியாதவர் இல்லை. மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள், 28 பேர், தீயில் இறந்தார்கள். உங்கள் விடுதியை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் வெளியேறும் வழி இன்னொருவர் கையில் இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

மின்சாரத்துக்கு வருகிறேன். பல லாட்ஜ்கள் மின்விசிறியும் ட்யூப்லைட்டும் மட்டும் இருந்த காலத்தில் ஒயரிங் செய்யப்பட்டவை. பிறகு டிவி வந்தது, ஏசி வந்தது, கீசர் வந்தது. ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர். விடிகாலை தரிசனத்துக்கு எல்லா அறையும் ஒரே நேரத்தில் குளிக்கக் கிளம்பும்போது எம்சிபி டிரிப் ஆகிறது. டிரிப் ஆவதுதான் அதன் வேலை. இந்த ஒயர் இதற்கு மேல் தாங்காது என்று சொல்கிறது. நாம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியரைக் கழற்றி 32 போடச் சொல்கிறோம். அதன் பிறகு டிரிப் ஆகாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல், ஒயர் சூடேறி உறை இளகிக்கொண்டிருக்கும். இதைச் செய்கிறவர் கெட்டவர் இல்லை. வெந்நீர் வரவில்லை என்று ரிசப்ஷனில் கத்துகிற எங்களுக்குப் பயந்தவர். ஆனாலும் இந்த மடலில் சொல்கிற தவறுகளிலேயே என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். மற்றவை தெரியாமல் நடப்பவை. இது எச்சரிக்கை வந்த பிறகு செய்வது.

ஏசி போட்டதால் வந்த இன்னொரு மாற்றம், ஜன்னலை அடைத்தது. குளிர் வெளியே போகக் கூடாதென்று பலகை வைத்து மூடி, மேலே வால்பேப்பர் ஒட்டிவிடுகிறோம். புகை வெளியேறும் வழி இப்படி அடைபட, அது உள்ளே வரும் வழி திறந்தே கிடக்கிறது. குளியலறைகளுக்குப் பின்னால் ஓடும் டக்ட் வழியாகக் குழாயும் கேபிளும் மட்டும் போவதில்லை, தீ வந்தால் புகையும் ஒவ்வொரு மாடியிலும் எட்டிப் பார்க்கும். கேபிள் நுழையும் துளைகளைத் தீத்தடுப்புப் பூச்சு கொண்டு அடைப்பது ஒரு நாள் வேலை.

விருந்தினர்கள் செய்யும் கூத்துகளுக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று நீங்கள் கேட்கலாம். ஐயப்ப சீசனில் அறைக்குள் கற்பூரம் ஏற்றுகிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் பஸ் பிடித்து வருகிறவர்கள் சிலிண்டரும் அடுப்பும் கொண்டுவந்து அறையிலேயே சமைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில் இப்படிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் 9 பேர் இறந்ததை நாம் பார்த்தோம். வந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. வெளியூரில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்கள். பின்பக்கத்தில் திறந்த வெளியில் தகரம் போட்டு ஒரு சமையல் இடமும், கற்பூரம் ஏற்ற ஒரு கல் மேடையும் வையுங்கள். அங்கே செய்யலாம், அறையில் கூடாது என்று செக்-இன் செய்யும்போதே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் கேட்பார்கள். வேறு இடம் காட்டாமல் 'கூடாது' என்று மட்டும் போர்டு எழுதி வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு உரிமையாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 'கேம்ப்ஃபயர், பார்பிக்யூ உண்டு' என்று விளம்பரம் செய்வது நீங்கள். கரி அடுப்பை வாடகைக்குக் கொடுப்பதும் நீங்கள். சமைத்து முடித்தபின் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தத் தணலை அறைக்குள் கொண்டுபோகிறார்கள். 2024இல் கொடைக்கானலில் அப்படித் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. அங்கே தீயே பிடிக்கவில்லை, கார்பன் மோனாக்சைடு மட்டும்தான். எத்தனை மணியானாலும் உங்கள் ஆள் போய் அடுப்பைத் திரும்ப வாங்கி, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். குளிர் தாங்கவில்லை என்றால் கம்பளியும், தனி லைனில் இணைத்த ஹீட்டரும் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

பாட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றின் விலை, பெரும்பாலான ஊர்களில் ஓர் அறையின் ஓரிரு நாள் வாடகைக்குள் அடங்கிவிடும். மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கூட அறைக்கு ஒன்றும் நடைக்கு ஒன்றும் மாட்டலாம். மலைப்பகுதியில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் சேர்த்து. பெரிய விடுதிகளில், ஓர் இடத்தில் புகை கண்டால் எல்லா மாடியிலும் அடிக்கும்படி இணைத்திருக்க வேண்டும். தலையணையருகே 75 டெசிபல் கேட்டால்தான் தூங்குகிறவர் எழுவார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ரிசப்ஷனில் மட்டும் கேட்கும் மணி, ரிசப்ஷனிஸ்டை மட்டுமே காப்பாற்றும்.

சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். 6 கிலோ பவுடர் சிலிண்டர் முழுவதும் தீர சுமார் 20 நொடி போதும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு அது சரி, திரைச்சீலையைத் தாண்டிவிட்ட தீக்கு அல்ல. அதனால் ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டிய வரிசை வேறு: முதலில் எல்லோரையும் எழுப்பு, 101க்கோ 112க்கோ சொல், வழியைத் திற, பிறகு முடிந்தால் அணை. நம் ஊரில் நடப்பது தலைகீழ். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, தாங்களே பத்து நிமிடம் வாளியோடு போராடிவிட்டு, கடைசியில்தான் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுகிறார்கள். முதலாளியைக் கேட்க வேண்டியதில்லை என்பதை முதலாளியே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ரூம் பாய் பிகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். தீ என்றதும் மெயினை அணைப்பார்கள், அது சரியே. ஆனால் அந்த நொடியில் படிக்கட்டு இருட்டாகிவிடும் என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு வேண்டும்.

பதிவேடும் இதில் சேர்த்தி. போலீஸுக்காக ஒருவரின் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைக்கிறோம். 'உள்ளே எத்தனை பேர்?' என்று தீயணைப்பு அதிகாரி கேட்கும்போது அந்தப் பதிவேட்டால் பதில் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம், தலைக்கணக்காவது எழுதுங்கள்.

'எங்களிடம் தீயணைப்புத் துறைச் சான்றிதழ் இருக்கிறது' என்பது உங்களில் பலர் சொல்லும் கடைசி வார்த்தை. சான்றிதழ் அவசியம், முறையாகப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் ஆய்வுக்கு அதிகாரி வந்தது பகலில். அப்போது கேட் திறந்திருந்தது. பின்னால் பிளைவுட் தடுப்பு வைத்து நீங்கள் கூட்டிய இரண்டு அறைகள் சான்றிதழுக்காகக் கொடுத்த கட்டட வரைபடத்தில் இல்லை. இங்கிலாந்தில் முன்பு ஹோட்டல்களுக்குத் தீச் சான்றிதழ் வழங்கும் முறை இருந்தது. 2005இல் கொண்டுவந்த சட்டத்தில் அதை எடுத்துவிட்டு, அபாயத்தைக் கண்டறிவதும் சரிசெய்வதும் இடத்தை நடத்துபவரின் பொறுப்பு என்று ஆக்கினார்கள். தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுபவரையும் அது விடவில்லை. நம் ஹோம்ஸ்டேக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வீடு உயரமில்லை, சிறியது, எந்த அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

சட்டம் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்த வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்களான சகோதரர்கள் இருவரையும் சேர்த்து 60 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்த வழக்கிலும் பேசப்பட்டது பெரும்பாலும் கதவுகளையும் வழிகளையும் பற்றித்தான்: அடைத்த வழி, கூடுதலாகப் போட்ட நாற்காலிகள், திறக்காத கதவு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போது மட்டுமல்ல, எப்போது எழுதிக் கேட்டாலும் உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தார் வந்து ஒத்திகை நடத்திக் காட்டுவார்கள். விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அறைகள் காலியாக இருக்கும் ஓர் இரவு பாருங்கள். வழக்கம்போல் பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டச் சொல்லிவிட்டு, கடைசி மாடியின் கடைசி அறையில் போய்ப் படுங்கள். மெயினை அணைக்கச் சொல்லுங்கள். செல்போன் வெளிச்சம் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், தெருவுக்கு வந்து சேருங்கள். உங்கள் கட்டடம் உங்களுக்கு மனப்பாடம், எங்களுக்கு அது புது இடம். உங்களாலேயே வர முடியவில்லை என்றால், அதைச் சரிசெய்யும்வரை அந்த மாடியை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறைகளில் தங்குகிறவர்களில் ஒருவன்